அடைக்கலராஜ் வீட்டு இடுப்புத் துணிகள்

'திரு. அ. அடைக்கலராஜ், வாகன ஓட்டுநர், திடக்கழிவுப் பிரிவு. மக்காத குப்பைக்கு எதிரான போரின் முன்னணி வீரர். நெகிழியில்லா இல்லத்தின் முன்மாதிரித் தலைவர்.' ஓரமெல்லாம் தங்க நிறத்தில் பூ வேலை செய்த பாராட்டுச் சான்றிதழ் இப்படிச் சொல்கிறது. கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். கொடைக்கானல் ஈரத்தில் காகிதம் நிற்காது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்ததால் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

அடைக்கலராஜ் வீரர் அல்லர். வழியில் காட்டுமாடு நின்றால் வண்டியை நிறுத்திவிட்டு, அது நகரும்வரை கண்ணை மூடி ஜெபம் செய்கிறவர். தலைவரும் அல்லர். நாயுடுபுரத்து வீட்டில் அந்தப் பதவியை அவர் மனைவி அமலி வகித்துவந்தாள். பள்ளி விடுதி ஒன்றில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவளுக்கு ஒரு புருஷனை நிர்வகிப்பது ஓய்வு நேர வேலை. நெகிழியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அவர் ஓட்டுவது ஊரில் குட்டியானை என்று சொல்லும் சின்ன வண்டி. இன்ஜின் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் அடியில் இருக்கும். காலை ஆறரைக்குக் கிளம்பி, வீடு வீடாகக் குப்பை வாங்கி, மேட்டுக் கிடங்கில் கொட்டிவிட்டு வருவார். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்த செய்தி சொந்தக்காரர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். வாளியில் டயபர் விழ ஆரம்பித்திருக்கும். காய்த்தோல் மக்கும், காகிதம் கரையும். டயபர் மட்டும் மழையைக் குடித்துக் குடித்துப் பிள்ளையின் கனத்துக்கே வந்துவிடும். கிடங்கில் அதைக் காட்டுப்பன்றி கிழித்துப்போட, உள்ளேயிருந்து ஜவ்வரிசிக் கஞ்சிபோல ஏதோ புல்லெல்லாம் பரவிக்கிடக்கும். அந்தப் புல்லைக் காட்டுமாடு ஒன்று மேய்ந்ததைப் பார்த்த நாளிலிருந்து அடைக்கலராஜ் பிரசங்கியாகிவிட்டார்.

"துணி கட்டுங்கம்மா" என்பார் வாசலுக்கு வாசல். "பிள்ளைக்குக் காத்தோட்டமா இருக்கும். புண்ணு வராது. துவைச்சாத் திரும்ப ஆகும். நனைஞ்சது பிள்ளைக்கே தெரியும், அதனால வெரசாப் பழகிக்கிரும்."

எல்லாம் உண்மை. இருளாயி என்ற மூன்று பிள்ளைக்காரி மட்டும் வாளியை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "நீங்க வந்து துவைச்சுத் தாரீகளாண்ணே?"

"அது என்ன பெரிய சோலியா, தங்கச்சி?"

ஒரு துணிகூடத் துவைத்தறியாதவரின் தெளிவு அந்தக் குரலில் இருந்தது. அந்தத் தெளிவுக்குத்தான் சான்றிதழ் வந்தது. ஆகஸ்டில் அதைச் சுவரில் மாட்டினார்கள். செப்டம்பரில் அமலிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

மூத்தவள் கல்லூரிக்குப் போன பிறகு, பதினெட்டு வருஷம் கழித்து. அடைக்கலராஜுக்கு நாற்பத்தாறு வயது. கோயிலில் யாராவது வாழ்த்தினால் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். மூத்தவளை அமலியின் அம்மா வீட்டில், பண்ணைக்காட்டில் வளர்த்தார்கள். அது மலையின் கீழ்ப்பகுதி. அங்கே காப்பிச் செடிமேல் துணியை விரித்துவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். ஆகவே அடைக்கலராஜின் ஞாபகத்தில் இடுப்புத் துணி என்றாலே காய்ந்த துணிதான். அமலியின் ஞாபகம் வேறு; துவைத்தவள் அவள். பாப்பாவோடு வீடு வந்த அன்றே ஒரு பெரிய டயபர் கட்டும் கூட வந்தது.

"ஊருக்கெல்லாம் துணி கட்டச் சொல்றேன், அமலி. நம்ம வீட்டுல இது..."

"ஊருக்குச் சொன்னீங்கள்ல? ஊரு கட்டட்டும்."

"சுவத்துல சான்றிதழ் கெடக்கு."

"அத எடுத்துக் கட்டுங்க பிள்ளைக்கு. பிளாஸ்டிக் உறை இருக்கு, ஒழுகாது."

அன்றிலிருந்து முன்மாதிரித் தலைவர் தம் வீட்டு டயபர்களைச் செய்தித்தாளில் சுற்றி, ஓட்டல் குப்பைக்குள் செருகி, யாரும் பார்க்கவில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டு கிடங்குக்குக் கொண்டுபோனார்.

நவம்பர் நடுவில் பாப்பாவின் தொடையிடுக்கில் சிவப்பு தெரிந்தது. நாலு நாளில் தோல் உரிந்து நீர் கோத்தது. மாற்றுவதற்குக் காலைத் தூக்கினால் பிள்ளை அழுகிற அழுகையில் சத்தமே வராது. வாய் மட்டும் திறந்திருக்கும். அமலி சுவரைப் பார்த்துக்கொண்டு மாற்றுவாள். அடைக்கலராஜ் வெளியே போய்விடுவார்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஆக்ஸிலியா பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். "எல்லாப் பிள்ளைக்கும் இப்படி வர்றதில்ல. இவளுக்கு ஒத்துக்கலை. மருந்து தர்றேன், அது மட்டும் பத்தாது. பருத்தித் துணிதான் கட்டணும். நனைஞ்சா உடனே மாத்துங்க. நல்லாக் காஞ்ச துணியா இருக்கணும். ஈரத்தக் கட்டினா இதைவிட மோசமாயிரும். பத்து நாள்ல குறையலைன்னா திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்." அப்புறம் அடைக்கலராஜைப் பார்த்து, "ஊருக்கே சொல்றவரு. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றாள்.

கல்யாண வேட்டி ஒன்று, கோயிலுக்குக் கட்டும் வேட்டி ஒன்று. இரண்டையும் அமலி கிழித்தாள். இருபத்துநான்கு இடுப்புத் துணிகள் தேறின. துவைப்பது யார் என்ற கேள்வி எழவே இல்லை. அமலி வாளியை அவர் காலடியில் வைத்தாள். வாசல்தோறும் பேசிய பேச்சுக்குரிய தண்டனையாக அதை ஏற்று அடைக்கலராஜ் உட்கார்ந்தார். பிள்ளை ஒரு நாளைக்குப் பதினாறு துணி நனைத்தது. வெந்நீரில் ஊறப்போட்டு, சோப்புப் போட்டு, சோப்பு போக மூன்று தண்ணீர் அலசி, பிழிந்து கொடியில் போட்டார். கை மரத்துப்போனாலும் மனம் நிறைந்திருந்தது. சொன்னதைச் செய்கிற மனிதனாகிவிட்டார்.

மூன்றாம் நாளும் அதே பதினாறு துணி அதே கொடியில் அதே ஈரத்தோடு தொங்கின.

மலைமேல் அந்த மாதங்களில் மேகம் ஊருக்குள் இறங்கித் தங்கிவிடும். சுற்றுலா வந்தவர்கள் அதன் நடுவே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்கள் கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போவார்கள். அடைக்கலராஜ் ஒரு மணிக்கு நாலு தரம் தொட்டுப் பார்த்தார். காயப்போட்டபோது இருந்ததைவிட ஈரம் கூடியிருந்தது. வீட்டுக்குள் கயிறு கட்டினார், சுவர்தான் வியர்த்தது. இஸ்திரிப் பெட்டியை எடுத்தார், கரண்ட் போயிற்று. அடுப்புக்கு மேலே பிடித்தார்; கல்யாண வேட்டியின் சரிகை ஓரம் கருகிற்று. மிச்ச எட்டுத் துணி இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டிருந்தது; அமலி டயபர் கட்டை எடுத்தாள். சத்தம் வராத அந்த அழுகை மறுபடி தொடங்கியது.

அமலியின் தம்பி சைமன் பூம்பாறையில் பூண்டு போடுகிறவன். விஷயம் கேட்டதும் போனில் சிரித்தான்.

"இதுக்கா மச்சான் கவலை? நம்ம பூண்டுப் பரண்ல ஈரம் நிக்கவே நிக்காது. கீழ புகை போட்டேன்னா ஒரே பொழுதுல முறுகிரும். வெள்ளனே பஸ்ல குடுத்து விடுங்க."

கண்டக்டர் கையில் போன பன்னிரண்டு துணி மறுநாளே திரும்பி வந்தது. அப்பளம்போலக் காய்ந்திருந்தது. அப்பளத்தின் நிறத்திலேயே இருந்தது. பையைத் திறந்ததும் பாப்பா மூன்று தரம் தும்மினாள். பக்கத்து வீட்டிலிருந்து இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டார்கள். அடைக்கலராஜ் அவற்றில் ஒன்றைக் கட்டினார். காய்ந்திருக்க வேண்டும் என்றுதானே சொன்னார்கள்? சாயங்காலத்துக்குள் சிவப்பு வயிறுவரை ஏறிவிட்டது.

"பிள்ளைக்குத் துணி கட்டச் சொன்னா ஊறுகாயா போட்டு வச்சிருக்கீங்க?" என்றாள் அமலி.

ஆக்ஸிலியா அதைவிடக் குறைவாகவும் அதைவிடக் கடுமையாகவும் பேசினாள். "புகை புடிச்ச துணியப் புண்ணு மேலயா? இன்னும் நாலு நாள் பார்ப்பேன். அவ்வளவுதான்."

"பூண்டு மருந்துதானே மச்சான்" என்றான் சைமன் போனில். அடைக்கலராஜ் போனை வைத்தார். அவனைத் திட்டும் உரிமைகூடத் தமக்கு இல்லை என்று அவருக்குப் பட்டது.

மறுநாள் காலை, பிழிந்த துணி ஆறைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, குப்பை எடுக்கும் ஓட்டல் ஒன்றின் சலவைக்காரர் ஞானவேலிடம் போய் நின்றார். "விருந்தாளிக படுக்கை விரிப்பே ரெண்டு நாளாக் காயலைண்ணே. மிஷின் ரிப்பேர்" என்று ஞானவேல் கையை விரித்தார். திரும்பி வந்தால் பக்கத்து இருக்கையில் மேற்பார்வையாளர் ஏறி உட்கார்ந்திருந்தார். கிடங்குக்குப் போய்விட்டு, பதினோரு மணிக்குச் சமுதாயக்கூடத்தில் தாய்மார் கூட்டமாம். அடைக்கலராஜ் கட்டாயம் இருக்க வேண்டுமாம். பையைக் கீழே வைக்க முடியாது, தரை முழுக்கக் குப்பைச் சேறு. மடியில் வைத்தால் ஸ்டியரிங் இடிக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் பையை இருக்கையில் பரப்பி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒன்றரை மணி நேரம் ஏற்றமும் இறக்கமுமாக ஓட்டினார்.

கூட்டத்தில் கோயம்புத்தூரிலிருந்து வந்த சௌம்யா என்ற பெண் துணி டயபரின் நன்மைகளைப் படம் போட்டு விளக்கினாள். தோலுக்கு நல்லது, ரசாயனம் கிடையாது, குப்பை சேராது, அடுத்த பிள்ளைக்கும் ஆகும். அடைக்கலராஜ் சுவரோடு முதுகை ஒட்டி நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவரால் தலையாட்டாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது.

இருளாயி எழுந்தாள். "எல்லாஞ் சரிங்க. எங்க காயப்போடுவீங்க?"

"நல்ல வெயில்ல போடணுங்க. வெயில் பட்டா கிருமியும் செத்துடும்."

கூடம் மொத்தமும் ஜன்னலைப் பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்ச் சுவர்கூடத் தெரியவில்லை. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சௌம்யா நல்ல பெண். தானும் சிரித்துவிட்டு, தப்பித்துக்கொள்ள அடைக்கலராஜைக் கைகாட்டினாள். "அண்ணன் வீட்டுலயும் கைப்பிள்ளை இருக்கு. அண்ணன் எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு கேப்போமே."

"காயலைங்க" என்றார் அடைக்கலராஜ்.

அவரே தொடர்ந்தார். "உங்க வாசல்ல நின்னு நாஞ் சொன்னதெல்லாம் நெசந்தான். துணி நல்லதுதான். காயப்போடுறதப் பத்தி நான் ஒண்ணுஞ் சொல்லலை. எனக்கே தெரியாது. எம் பிள்ளைக்கு டயபர் கட்டித்தான் புண்ணாச்சு, காஞ்ச துணி இல்லாம அது ஆறவும் மாட்டேங்குது. இன்னும் மூணு நாள்ல திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்காங்க."

சொல்லி முடித்ததும் அங்கே நிற்கப் பிடிக்காமல் கதவை நோக்கித் திரும்பினார். அப்போதுதான் காற்சட்டையின் பின்புறம் முழுக்க ஈரமாயிருப்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

"அண்ணே, துணி உங்களுக்குத்தான் மொதல்ல கட்டணும் போல!" என்று ஒருத்தி சொல்ல, கூடம் மறுபடி சிரித்தது. இருளாயி மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா கெடங்கடி" என்றாள்.

வண்டிக் கதவைத் திறந்து, உட்காருவதற்காக இருக்கையில் கிடந்த பையை எடுத்தார். பை கதகதப்பாக இருந்தது. உள்ளே கைவிட்டார். அடியில் கிடந்த நாலு துணியில் ஈரம் இல்லை. பாதி ஈரம் அவர் காற்சட்டைக்குப் போயிருந்தது. மீதியை அடியிலிருந்த இன்ஜின் சூடு எடுத்துக்கொண்டிருந்தது. புகை நாற்றம் இருக்கிறதா என்று முகர்ந்தார். சோப்பு வாசனைதான்.

"குப்பை வண்டியிலயா?" என்றாள் அமலி. அவளே இருக்கையைக் கழுவித் துடைத்து, ஒரு கம்பளியும் சுத்தமான வெள்ளை விரிப்பும் தைத்துக் கொடுத்தாள். துணியைக் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும், வீட்டுக்கு வந்ததும் கரண்ட் இருக்கிற நேரத்தில் இஸ்திரி போட வேண்டும், இது அவள் சட்டம். ஆக்ஸிலியாவிடமும் போய்க் கேட்டார்கள். "வேற வழி இருந்தா இதுக்கு ஒத்துக்க மாட்டேன். இஸ்திரி மட்டும் தவறக் கூடாது."

காலைச் சுற்றில் ஆறு, மாலைச் சுற்றில் ஆறு. தேவை பதினாறு. மிச்ச நேரத்துக்கு டயபர்தான். அதையும் நனைந்த உடனே மாற்றினார்கள். ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே போனால் சூடு கூடும் என்று கண்டுபிடித்தார். ஆனால் வாசல்தோறும் நிறுத்தும்போது ஆறிவிடும். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை கேட்டு வாங்கினார். மேற்பார்வையாளர் அதை அர்ப்பணிப்பு என்று எழுதி மேலே அனுப்பினார். இருக்கையில் துணி பரப்பியிருப்பதைக் கவனித்துவிட்ட இருளாயி ஒருநாள் வாளியோடு ஒரு பையையும் நீட்டினாள். "கடைசிப் பயலோடது நாலு இருக்குண்ணே. ஓரமாப் போட்டுக்கங்களேன்."

"என் அகலம் அம்புட்டுத்தான், தங்கச்சி" என்றார் அவர். வாசல்களில் துணியைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார்.

ஆக்ஸிலியா கொடுத்த கெடு முடிந்த அன்று புண் ஆறியிருக்கவில்லை. ஆனால் பரவுவது நின்றிருந்தது, ஓரங்களில் புதுத்தோல் தெரிந்தது. "திண்டுக்கல் இப்ப வேண்டாம். விட்டுறாதீங்க" என்றாள் அவள். துணி மாற்றும்போது பாப்பா அழுதாள். சத்தம் வந்தது.

மேகம் தை பிறந்த பிறகுதான் ஊரைவிட்டுப் போனது. அதுவரை அடைக்கலராஜ் தினமும் பன்னிரண்டு இடுப்புத் துணிகளைத் துவைத்து, குப்பை வண்டியின் இருக்கையில் பரப்பி, அவற்றின்மேல் உட்கார்ந்து வண்டி ஓட்டினார்.