எட்டு என்று வந்த தந்தி

காமா கதிர் வெடிப்பு என்று வானத்தில் ஒன்று நடக்கிறதாம். எந்த மூலையில், எந்த நேரத்தில் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதன் தொடக்க வெளிச்சம் மங்குவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று விண்வெளியிலேயே தொலைநோக்கிகளைச் சுற்ற விட்டிருக்கிறார்கள். வெடிப்பைக் கருவி உணர்ந்ததும் தொலைநோக்கி தானாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது, நடுவில் மனிதர் யாரும் கிடையாது என்று பத்திரிகையில் படித்தேன். நல்ல ஏற்பாடு. நடுவில் மனிதன் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

1. மொட்டைமாடி முகாம்

ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டுக்கல்லில் ஒரு தந்தி ஆபீசில் சிக்னலர். மோர்ஸ் கருவி கட்டுக்கட்டென்று அடிப்பதைக் காதால் கேட்டுக் கையால் எழுத வேண்டும். என் கை வேகத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் அருளானந்தம் சார் கூடாரம் போட்டிருந்தார். சூரியனைப் படம் எடுக்கும் தொலைநோக்கி ஒன்று, ஒரு மடக்கு நாற்காலி, ஒரு மண்பானை, அவர். முப்பது வயதுக்காரர், கல்யாணம் ஆகாதவர், பொய் சொல்லத் தெரியாதவர்.

சூரியனில் சில சமயம் ஓர் இடம் திடீரென்று பளிச்சென்று எரியும். அதை அவர் ஃப்ளேர் என்பார். மலைமேல் இருந்த அவருடைய வானாய்வுக்கூடத்தாருக்கு மேகம் மறைத்துவிடும். ஆனால் மேகத்தையும் மீறி ரேடியோ காட்டிக்கொடுக்கும். ஃப்ளேர் வந்தால் தூரதேசத்து ஸ்டேஷன்கள் சட்டென்று அடங்கிப்போகும். உடனே மலையிலிருந்து எங்களுக்குத் தந்தி வரும். நான் எழுதுவேன், எங்கள் சேவகர் மாயாண்டி சைக்கிளில் பறப்பார், அருளானந்தம் சார் படம் எடுப்பார். நாள் முழுக்க எடுத்துத் தள்ளலாம்தான், ஆனால் பிலிம் அளந்துதான் வந்தது.

ஐந்து தடவை தந்தி வந்தது. ஐந்து தடவையும் தொடக்கம் போய், அடங்குகிற வெளிச்சம்தான் அவருக்குக் கிடைத்தது.

"பந்திக்குப் போயி எச்சி இலையப் பாத்துட்டு வந்த மாதிரி இருக்கு, தந்திக்காரரே" என்றார் என்னிடம். "ஆவணி முடியறதுக்குள்ள ஒருக்காவாச்சும் ஆரம்பத்தப் புடிக்கணும். இல்லாட்டி கடையக் கட்டச் சொல்லிட்டாக."

இரண்டு வருஷம் மன்றாடி வாங்கிய முகாம் அது.

2. முகூர்த்த நாள்

அந்தக் காலத்து வாழ்த்துத் தந்திகளைப் பற்றி இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். வாழ்த்துகளுக்கெல்லாம் இலாகாவே எண் கொடுத்திருந்தது. அனுப்புகிற ஊரில் எண்ணை மட்டும் அடிப்பார்கள். வாங்குகிற ஊரில் அந்த எண்ணுக்குரிய வாசகத்தைப் பூப்போட்ட தாளில் எழுதிக் கொடுப்போம். எட்டு என்றால் நீண்ட இனிய இல்லற வாழ்வுக்கு நல்வாழ்த்துகள்.

ஆவணியில் ஒரு பெரிய முகூர்த்தம். காலையிலிருந்து கருவி ஓயவில்லை. எட்டு, எட்டு, மறுபடியும் எட்டு. ஒரு கட்டத்தில் நான் எழுதவில்லை, கைதான் எழுதிக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் அருளானந்தம் சார் பெயருக்கும் ஓர் எட்டு வந்தது. வாழ்த்துத் தந்தி என்றால் முன்னால் அதற்கென்று ஓர் அடையாளம் வரும். இதற்கு வந்ததா என்று நான் பார்க்கவில்லை. சந்தோஷமாக எழுதி, "மாயாண்டி, சாருக்குக் கல்யாணம்யா!" என்று கத்திக் கொடுத்தேன். மாயாண்டி வழக்கத்தைவிட வேகமாகப் போனார்.

மாடியில் நடந்ததை மாயாண்டியே பிறகு சொன்னார்.

"எங்ககிட்ட எதுக்குச் சார் மறைக்கிறீக? பொண்ணு எந்த ஊரு? நத்தமா, அகரமா?"

"எனக்கே தெரியாம எனக்குக் கல்யாணமாய்யா?" சார் தாளைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அனுப்பிய இடம் மலை. "ஓ, மேல இருக்குற பயலுக வேலை. வேலவெட்டி இல்லாம கேலி பண்றாய்ங்க."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். மாயாண்டி விருந்துக்கு என்ன வெஞ்சனம் வேண்டும் என்பது வரை போய்விட்டார். பாதிச் சிரிப்பில், மலையிலிருந்து வேறு எதற்குத் தந்தி வரும் என்று உறைத்து, சார் சட்டென்று நின்று, தொலைநோக்கியிடம் ஓடினாராம். அந்தப் பருவத்திலேயே பெரிய ஃப்ளேர் அது. அவருக்குக் கிடைத்தது அதன் வால்.

3. அறிக்கை

சார் தாளோடு நேரே என் மேஜைக்கு வந்தார். "கருவியில என்ன வந்துச்சு? அப்படியே சொல்லுங்க."

"எட்டு, சார்."

கண்ணை மூடிக்கொண்டார். "ஃப்ளேர் அளவுக்கு ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் வச்சிருக்கோம். எட்டுன்னா ரொம்பப் பெருசு. முன்னாடி வாக்கியமா வரும்ல? வார்த்தை கொறஞ்சா நிமிசம் கொறையுமேன்னு இந்த வாரந்தான் மாத்துனோம்."

மெமோ வரும், இன்கிரிமென்ட் போகும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "சார், தந்தி வரவே இல்லன்னு எழுதிருங்களேன்."

"வந்துச்சேய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் அறிக்கையின் நகலைக் கொண்டுவந்து காட்டினார். "வெறும் எண்ணைக் குறியீடாக வைத்தவன் நான். அந்த எண்ணுக்குத் தந்தி ஆபீசில் வேறு பொருள் உண்டா என்று விசாரிக்கவில்லை. எழுதியவர் ஆபீஸ் வழக்கப்படி எழுதினார். தாள் கைக்கு வந்தபின் ஆறு நிமிடம் சிரித்துக்கொண்டிருந்தேன்." ஒரு வரிகூடப் பொய் இல்லை. எனக்கு மெமோ வரவில்லை. முகாமை மூடிவிட்டார்கள்.

சாமான் கட்டுகிற அன்று நானும் போனேன். நான்கு மாதமாகப் பக்கத்துத் தெரு, அந்தப் படியில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. பெட்டியில் வைக்கப்போன தொலைநோக்கியை எனக்காக மறுபடி நிறுத்தினார்.

"செத்த நேரம் கண்ண வச்சுப் பாருங்க."

சிவப்பாக ஒரு வட்டம். அமைதியாக இருந்தது.

"ஒண்ணும் இல்லையே சார்."

"இதுல எங்கிட்டாவது ஒரு புள்ளி எரிய ஆரம்பிக்கும். அத ஒருக்காப் பொறக்குறப்பவே பாக்கணும். அதுக்குத்தான் இம்புட்டும்."

வேகமாக எழுதத் தெரிந்தால் போதாது, எதற்காக எழுதுகிறோம் என்று ஒரு முறையாவது படியேறிப் பார்க்க வேண்டும். முப்பது வருஷ வேலையில் நான் கற்ற பாடம் இது ஒன்றுதான், அதற்கான செலவு அவருடையது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "வெளிச்சம் கூசுது சார்" என்றேன்.

"பில்டர் போட்டுருக்கு" என்றார் அருளானந்தம் சார். "கூசாதே."