ஓங்கலுக்குப் பின்னால் தெரிந்த தொட்டி

"…அதனாலதான் சொல்றேன், அந்த எடத்தப் போட்டுக் குடுத்தது என் மச்சான்தான். அன்னிக்கு படகுல வேற யாரு இருந்தா?" என்றார் தனசேகர், நான் கொடுத்த பொட்டலத்தின் செய்தித்தாளைப் பிரித்தபடி.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு படம். போன வாரம் என் போன், 'ஆறு ஆண்டுகளுக்கு முன்' என்று தானாகவே எடுத்து நீட்டிய படம். இரண்டு ஓங்கல்கள் முதுகை வளைத்துத் துள்ளுகின்றன. டால்பினுக்கு அனுமந்தைக் கரையில் அதுதான் பெயர். நான் எடுத்ததிலேயே உருப்படியான படம் அது ஒன்றுதான். காட்டியவருக்கே கொடுத்துவிடலாம் என்று வந்திருந்தேன்.

கரையில் டீசல் நெடி. டீசல் என்றாலே எனக்கு அந்தக் காலம்தான். மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தேன். உப்பிலேயே ஊறியவன், கடலுக்குள் போனதில்லை. ஊறுகாய்க்கு மாமரம் தெரியாத கதை. தனசேகரின் படகு இன்ஜின் மக்கர் செய்தபோது சரிசெய்து கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்றேன். "சும்மா செய்யறவன் சும்மா இருக்க மாட்டான். என்னா வேணும், சொல்லுங்க" என்றார். ஓங்கல் பார்க்கணும் என்றேன். பையில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஏற்றினார்.

மூன்று பேர் போனோம். அவர், அவருடைய மனைவியின் தம்பி ஏழுமலை, விளிம்பில் தலையைத் தொங்கவிட்டபடி நான்.

"மோட்டார்காரரே, காலையில தின்னத மீனுக்குப் போட்டாச்சா, இன்னும் பாக்கி இருக்குதா?" என்றான் ஏழுமலை.

இன்ஜினை நிறுத்தினார்கள். பஸ் கதவு திறப்பதுபோல் ஒரு மூச்சு. பிறகு படகுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. எழுந்து கையை நீட்டப் போனேன்.

"கைய நீட்டாதீங்க. சுட்டிக் காட்டுனா அதுங்க போயிடும்" என்றான் ஏழுமலை. கையை மடக்கிக்கொண்டேன். போனை நீட்டினேன். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

ஓங்கல் சும்மா வராது. அடியில் ஒரு பார், அதாவது மீன் மேயும் பாறைத்திட்டு. தனசேகரின் அப்பா கண்டுபிடித்து, இவருக்கு மட்டும் சொன்ன இடம். கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும். அந்தக் கோட்டிலேயே போய்க் கயிறு விட்டுப் பார்த்தால் பார் தட்டும். என்ன அடையாளங்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பியதும் பக்கத்துப் படகுக்காரர், "என்னப்பா, உள்ள எதனா இருக்குதா?" என்றார். "தண்ணி இருக்குது" என்றார் தனசேகர். கடலில் கண்டதைக் கரையில் கேட்டால் அதுதான் பதில்.

மூன்றாம் நாள் அந்தப் பாரின் மேல் நான்கு படகுகள் நின்றன. அதில் ஒன்று ஏழுமலையின் சித்தப்பா மகனுடையது. போதாதா? "நான் சொல்லல மாமா" என்று ஒரே ஒரு முறை சொன்னானாம் ஏழுமலை. அப்புறம் படகை விட்டு இறங்கிப் போய்விட்டான். அக்கா வீட்டுச் சோற்றையும் விட்டான். எனக்கும் அவன்மேல்தான் சந்தேகம். வாய் நீளம், அவன்தான் உளறியிருப்பான் என்று உப்பளத்தில் நாலு பேரிடம் தீர்ப்புச் சொன்னேன்.

இப்போது எல்லாப் படகிலும் ஜிபிஎஸ். தனசேகரின் அப்பா பொத்தி வைத்த பார் இன்று எல்லார் கருவியிலும் ஒரு புள்ளி. ஒளிக்க ஒன்றுமில்லை. அந்தச் சந்தேகத்தை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

தனசேகர் படத்தை வெயிலுக்குத் திருப்பினார். ஓங்கலை அவர் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் அதற்குப் பின்னால், கரை இருந்த மூலையைத் துடைத்தார். போன் திரையில் வெறும் பொட்டாக இருந்தது இங்கே பெரிதாகத் தெரிந்தது: சர்ச் கோபுரம், அதன் உச்சிக்கு நேர் பின்னால், ஒரே கோட்டில், தண்ணீர்த் தொட்டி.

"இத அப்ப யாருக்கினா காமிச்சீங்களா?"

"ஸ்டேட்டஸ்ல வெச்சேன்," என்றேன். "அன்னிக்கு சாயங்காலமே."

மூன்று படகு தள்ளி, ஏழுமலை வலையிலிருந்து நண்டு கழித்துக்கொண்டிருந்தான். தனசேகர் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மணலில் நடந்தார். அதை அவன் எதிரில் மல்லாக்க வைத்தார். பிறகு வலையின் மறுமுனையில் குந்தி, நண்டு கழிக்கத் தொடங்கினார்.