பத்து மணிச் சாப்பாடு

ஸ்பானிஷ் மொழியில் மதியச் சாப்பாடு சாப்பிடுவதற்கென்றே ஒரு வினைச்சொல் உண்டு: அல்மோர்சார். நான் சாப்பிடுகிறேன் என்றால் நடுப்பகுதி மாறி அல்முவெர்சோ ஆகிவிடும். நாங்கள் என்றால் மாறாது, அல்மோர்சாமோஸ். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டே ஒரு வாரம் சொல்லிச் சொல்லி நாக்கைப் பழக்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு செல்போனில் நடக்கும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது கொல்லை மேட்டில்தான். சென்னையிலிருந்து பாடம் நடத்தும் டீச்சர், சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் கேட்டார். பத்து மணிக்கு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறேன் என்று ஸ்பானிஷில் சொன்னேன்.

"வினைச்சொல் சரி. ஆனா பத்து மணிக்கு யாரும்மா லன்ச் சாப்பிடுவாங்க? ஒரு மணின்னு மாத்திக்கோங்க."

பொழுது விடியும்போதே கொல்லையில் இறங்குகிறவர்களுக்குப் பத்து மணி என்பது பாதி நாள். ஒரு மணி என்று சொன்னால் இலக்கணம் கெடாது, நான் சொல்வதுதான் பொய்யாகிவிடும்.

பக்கத்தில் களியைக் கிள்ளிக் குழம்பில் தொட்டுக்கொண்டிருந்த அம்மா, "இன்னாவாம்?" என்றாள்.

"நாம துன்ற நேரம் தப்பாம்."

"வந்து களை எடுக்கச் சொல்லு. அப்பால பசி எப்போ வருதுன்னு அவங்களே சொல்லட்டும்."

செல்போனை அம்மாவின் தட்டுப் பக்கம் திருப்பினேன். திரையின் மூலையில் மணி பத்து நாலு.

"அல்மோர்சாமோஸ் ஆ லாஸ் தியெஸ்" என்றேன். நாங்கள் பத்து மணிக்குச் சாப்பிடுகிறோம்.

பிறகு என் தட்டை இழுத்துக்கொண்டேன். வாய் நிறையக் களியோடு, அடுத்த கேள்வியை அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.