வாசலில் நின்ற குடும்ப வண்டி

வெர்டெல் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சலவைக் கடையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள். கேட்டால்தான் பேசுவாள், கேட்டாலும் பாதிதான் பேசுவாள். அதனால்தான் இறுதிச்சடங்கு நிலையம் நடத்திய கெய்தர் அவளைத் தேடி வந்தார். அவருடைய பழைய டிரைவர், அழுதுகொண்டிருப்பவர்களிடம் மீன் பிடித்த கதை பேசி வேலையை இழந்திருந்தான்.

"எனக்கு வாயில்லாத ஆளுதான்மா வேணும். ஓட்டுறதை நான் சொல்லித் தர்றேன்" என்றார்.

அன்றிலிருந்து நிலையத்தின் கறுப்பு காடிலாக் கார் அவள் கையில் இருந்தது. ஐம்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி. ஊரில் அதைக் குடும்ப வண்டி என்பார்கள். சவப்பெட்டி முன்னால் போக, இறந்தவரின் வீட்டாரை ஏற்றிக்கொண்டு இது பின்னால் போகும். சர்ச்சுக்கும் கல்லறைக்கும் நடக்கிற வேகத்திலேயே போய்வந்ததால் எஞ்சின் புதிதுபோல இருந்தது. பெயின்டில் ஒரு கீறல் கிடையாது. பின் இருக்கையின் கைப்பிடி மட்டும், பலரும் இறுக்கிப் பிடித்ததில் வெளுத்திருந்தது.

ஒரு வசந்தத்தில் கெய்தர் புது வெள்ளை வண்டி வாங்கிவிட்டு, பழையதை விற்றுத் தரும்படி வெர்டெலிடம் சொன்னார். அட்லாண்டாவில் கல்யாணங்களுக்கு வண்டி விடுகிற ஒருவன் வாங்கிக்கொள்ள முன்வந்தான். ஆனால் அவன் மனைவி இறுதிச்சடங்கு நிலையத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். வெர்டெலின் வீட்டில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அங்கேதான் சிக்கல். அவள் புருஷன் ரூஃபஸ் மாரடைப்பு வந்து, போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தான். அவன் பயப்படும்படி எதுவும் நடக்கக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மர மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பிழைத்த அந்த மனிதனுக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் இந்த வண்டி. அது வாசலில் நின்றால் வீட்டில் ஒரு தலை குறையும் என்பான். ஒரு நாள்கூட அதை வீட்டுப் பக்கம் கொண்டுவர விட்டதில்லை.

மத்தியானம் அவன் தூங்கும்போது வண்டியைக் கொல்லைப்பக்கம் நிறுத்தி, விற்று அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள் வெர்டெல். ஆனால் முந்தின நாள் மழையில் கொல்லை சேறாகிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் வாசலிலேயே நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு யூலா மே வறுத்த கோழியோடு வந்து நின்றாள்.

"என் தங்கமே, எப்போ போச்சு உசிரு?"

"யாருக்கு?"

"ரூஃபஸுக்குத்தான், வேற யாருக்கு?"

"மெதுவாப் பேசுங்கக்கா. உள்ள தூங்குறாரு. வண்டி விக்கிறதுக்கு நிக்குது."

யூலா மே வண்டியைப் பார்த்தாள். கையிலிருந்த கோழியைப் பார்த்தாள். "அப்ப இதை என்ன பண்ண?"

"எடுத்துட்டுப் போங்க."

"சாவு வீட்டுக்குன்னு தூக்கிட்டு வந்ததைத் திரும்ப என் வீட்டுக்குள்ள கொண்டுபோகவா? நல்லா இருக்கே உன் நியாயம்!"

பாத்திரத்தை வெர்டெல் கையில் திணித்துவிட்டுப் போனாள். அடுத்து உருளைக்கிழங்கு சாலட் வந்தது. பன்றித்தொடை வந்தது. கேக்கோடு வந்த போதகரின் மனைவி, அடக்கத்துக்கு எந்தப் பாட்டுப் பாட வேண்டும் என்று கேட்டாள். ஒவ்வொருவரையும் வாசலிலேயே கிசுகிசுத்து அனுப்பினாள் வெர்டெல். சமையலறை மேஜை நிறைந்துவிட்டது.

ரூஃபஸ் கோழி வாசனைக்கே எழுந்து வந்தான்.

"யாரு செத்தது?"

"யாரும் இல்ல. உனக்கு உடம்பு தேறினதுக்கு சர்ச்சுல குடுத்தனுப்பினாங்க."

அவன் கோழிப் பாத்திரத்தைத் தலைக்குமேல் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தான். ஒரு துண்டு டேப்பில் யூலா மேயின் பெயர் இருந்தது. அந்த ஊரில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் பாத்திரத்தில்தான் பெயர் ஒட்டுவார்கள், கூட்டத்தில் மாறிப் போகாமல் இருக்க. மற்ற பாத்திரங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான்.

ரூஃபஸ் சிரித்துவிட்டான். "இந்த யூலா மே, நான் உசிரோட இருந்த வரைக்கும் எனக்கு ஒரு முட்டை அவிச்சுக் குடுத்ததில்ல!" ஒரு காலைப் பிய்த்துக் கடித்தான். "உப்பு கம்மி. இதுக்காகவெல்லாம் சாக முடியாது, போடி."

அவளும் சிரித்தாள். கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

வாங்குபவன் மனைவியோடு வந்தான். சுற்றிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், சாவியை வாங்கிக்கொண்டான். பழகாத நீள வண்டி. அதனால் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து மெல்ல உருட்டிக்கொண்டு போனான். வெர்டெல் உள்ளே வந்தபோது ரூஃபஸ் ஜன்னலருகே நின்றிருந்தான். தெருவில் எதிரே வந்த லாரி, சவ ஊர்வலத்துக்குச் செய்வதுபோல ஓரம் ஒதுங்கி விளக்கைப் போட்டது. முடிவெட்டும் கடை வாசலில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"எல்லாரும் எனக்கு ஒதுங்கி நிக்கிறாங்க, பாரு" என்றான்.

"அந்த வண்டியைக் கண்டா அப்படித்தான் நிப்பாங்க. பழக்கம்."

"பின் சீட்டுல யாருமே இல்லையே."

"அதான் வித்தாச்சே."

அவன் திரும்பினான். விரலில் கோழி நெய். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீ ஏன் ஏறல, வெர்டெல்?"

"என் ஆளு வீட்டுல இருக்கான். அதான்."

"இன்னைக்கு இருக்கான்" என்றான். கையைத் துடைக்காமலே போய்ப் படுத்துக்கொண்டான்.

மேஜையில் எல்லாம் திறந்தே கிடந்தது. அவள் ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். போர்வை ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.