குதிகாலில் சாம்பல்

பேய், ஆவி இதெல்லாம் நான் நம்பினவனே இல்லை. நிஜத்தில் இருக்கிறதுக்குப் பயப்படவே எனக்கு நேரம் போதாது. எட்டாவதோடு படிப்பை விட்டவன், ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் பிரித்துப் படிக்க மாட்டேன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி சுமதிக்கு பி நெகட்டிவ். செவ்வாய் இரவு பெண் பிறந்தாள். குழந்தையின் ரத்த வகைச் சீட்டை வாங்கி வந்து நர்சம்மாவிடம் காட்டச் சொன்னார்கள். வாங்கினேன், என்ன எழுதியிருக்குமோ என்று பிரிக்காமலே சட்டைப் பையில் வைத்தேன், யாரிடமும் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நெசவு என் தொழில். அன்றைக்கு வீட்டுத் தறியில் பழைய பாவின் நெடுக்கு இழைகளோடு புதுப் பாவைப் பிணைக்க, வழக்கமாக அந்த வேலைக்கு வரும் முருகேசன் வருவதாக இருந்தது. ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றையும் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும், முழுநாள் வேலை. வந்ததோ நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. அவர் அனுப்பியிருப்பார் என்று நானும் கேட்கவில்லை. மதியம் மூன்று மணி இருக்கும், எழுந்து வந்து, தூளிக்கு வெளியே நீட்டியிருந்த குழந்தையின் குதிகாலைச் சாம்பல் விரலோடு தொட்டாள்.

"ஊசி போட்டாச்சாப்பா?"

"குழந்தைக்கு எல்லாம் போட்டாச்சுக்கா."

"புள்ளைக்கா கேட்டேன்? பெத்தவளுக்கு! அவ நெகட்டிவ், புள்ள பாசிட்டிவ். பயந்துக்கினு பையிலயே வெச்சிருக்கியே, பிரிச்சுப் பாரு. இன்னிக்கு விட்டா, அடுத்த புள்ளைய அவ உடம்பே அழிச்சிடும். எனக்கு ரெண்டு போச்சு."

பிரித்தேன். பி பாசிட்டிவ்.

ஆட்டோ பிடித்துத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா திட்டித் தீர்த்தார்.

"குழந்தை ரத்தம் கலந்தா, அம்மா உடம்பு அதை எதிரின்னு நினைச்சுக்கும். இந்தக் குழந்தை தப்பிச்சிடுச்சு, அடுத்தது மாட்டிக்கும். மூணு நாளுக்குள்ள போடணும்னுதானே ஊசி? இன்னும் அஞ்சு மணி நேரம்தான்யா இருந்தது!"

ஊசி போட்டுத் திரும்பினோம். அந்தப் பெண்ணைக் காணோம்; பாவு முழுக்கப் பிணைத்திருந்தது. அப்போதுதான் முருகேசன் போன் செய்தார்.

"காய்ச்சல்பா, நாளைக்கு வர்றேன்."

"நீங்க அனுப்பின அக்கா முடிச்சிட்டாங்களே."

"எந்த அக்கா? சாயங்காலமே ஊத்திக்கினியா?"

அந்தப் பாவு நெய்து முடிகிற வரைக்கும் ஓர் இழைகூட அறுந்துபோகவில்லை, நம்பினால் நம்புங்கள்.

மூன்று வருடம் கழித்து மகன் பிறந்தான். அவனும் பாசிட்டிவ், ஒரு குறையும் இல்லை. குதிகாலில் மட்டும் கட்டைவிரல் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு மச்சம். நிறையக் குழந்தைகளுக்கு இப்படி இருக்கும், மறைந்துவிடும் என்றார்கள். இப்போது அவனுக்கு நாலு வயது. இன்னும் இருக்கிறது. குளிப்பாட்டும்போது அந்த இடத்தை மட்டும் நான் தேய்ப்பதில்லை.