பிரேக் தட்டுக்கு நல்லெண்ணெய்

என் மாமாவுக்குத் தெரியாத வண்டி உலகத்தில் இல்லை. இதை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அவரேதான் சொல்லுவார். பதுளையில் அவருக்கு ஒரு கராஜ் இருந்தது. நான் உயர்தர வகுப்பு படித்த காலம் முழுவதும் அதற்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில்தான் தங்கினேன். எங்கள் குடும்பத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆள் நான். அது அவருக்கு ஒரு பெருமை, ஒரு உறுத்தல். யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்லுவார்.

"மருமக சயன்ஸ் படிக்குது. ஒரு ஸ்பானரக் குடுத்தா எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியாது."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது.

அப்பா தோட்டத்துத் துரையின் வண்டியோட்டியாக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பியபோது தன் பழைய பிக்கப்பை அப்பாவிடம் விட்டுப் போனார். நீண்ட மூக்கும் உருண்டை விளக்குமாக, பார்க்க அழகான வண்டி. வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றி, பெரகல மலைப்பாதை வழியாக மொனராகலைக்கு இறக்குவதுதான் அதன் பிறகு எங்கள் பிழைப்பு.

அதில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பானையைக் கவிழ்த்து மூடியதுபோன்ற டிரம்முக்குள்ளே இரண்டு கட்டைகள் விரிந்து அதன் உள்சுவரை அழுத்தும். நீண்ட இறக்கத்தில் சூடு வெளியேற வழியில்லை. டிரம் கொதித்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காது. இது அந்த ரோட்டில் ஓடிய எல்லா டிரைவர்களுக்கும் தெரியும். அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம், பாதி இறக்கத்தில் இருந்த சின்னக் கோயிலில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்துவது. அவர்கள் கும்பிட்டு, திருநீறு பூசி, ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் டிரம் ஆறிவிடும். நல்லபடியாக இறங்கிய புண்ணியம் சாமிக்கு.

ஒரு மழை நாளில், கோயிலை எட்டும் முன்பே அப்பாவின் கால் பெடலோடு தரைவரை போய்விட்டது. அப்பா வண்டியைத் தேயிலைப் பக்கத்து மண்மேட்டில் இடித்து நிறுத்தினார். மறுபக்கம் பள்ளம். ரோடெல்லாம் லீக்ஸ். அப்பா நெற்றியில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். அம்மா அழவில்லை. கட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏங்க, இந்த வண்டி நிக்கும்னு என் கண்ணால பாக்காம நீங்க ஸ்டேரிங்கத் தொடக் கூடாது. தொட்டா நான் இங்க இருக்க மாட்டேன்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். வண்டி லயத்து வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

பண்டாரவளையில் பழைய சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம், பின்னால் இடிபட்டு நசுங்கிய ஜப்பான் வேன் ஒன்று வந்திருந்தது. அதன் முன்பக்கத்தில் டிஸ்க் பிரேக். மூடி எதுவும் இல்லாத வட்டமான இரும்புத் தட்டு. ஒரு கவ்வி அதை இரண்டு பக்கமும் பேடு என்ற கட்டைகளால் அழுத்திப் பிடித்து நிறுத்தும். காற்றுப்படுவதால் சூடு தங்காது. அப்பா அதைப் பழைய பிக்கப்புக்கு மாற்ற வேண்டும் என்றார்.

"துரைமாரு டிரம்முலதான ஓட்டுனாங்க? அவங்களுக்கு இல்லாத உசுரா மச்சான் ஒங்களுக்கு?" என்றார் மாமா.

அப்பா சாமான்களை வாங்கி வந்து கராஜில் இறக்கியதும் பேச்சு மாறியது. "நான்தான் மச்சான்கிட்ட டிஸ்க் போடுங்க, டிஸ்க் போடுங்கன்னு உசுர விட்டேன்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிக்கப்பைக் கராஜுக்கு இழுத்து வந்து, வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்தார். பழைய டிரம்மைக் கழற்றி, தட்டை அளவுக்கு லேத்தில் கடைந்து பொருத்தி, கவ்வியைப் பிடிக்கத் தடித்த இரும்பில் தாங்கி வெட்டி முடுக்கினார். பின்சக்கரங்களுக்குப் பழைய டிரம்மே இருந்தது. பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது பெடல் மிதிக்க ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார். "மிதி... புடி... விடு" என்று வண்டிக்கடியிலிருந்து அவர் சொல்லச் சொல்ல, இரசாயனப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் மிதித்தேன்.

இறங்கி வந்து, பளபளவென்று இருந்த அந்தத் தட்டைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"ஏ புள்ள, கைய எடு. தலைக்கி எண்ண வச்ச கை. எண்ணெய் பட்டா வழுக்கும்."

தட்டைப் பெட்ரோலால் துடைத்துவிட்டுச் சொன்னார். சொன்னவர் அவர்தான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ஆயுதபூசைக்கு முதல்நாள் பிக்கப்பை மாமாவே தோட்டத்துக்கு ஓட்டி வந்தார். மறுநாள் காலை, தொழிலாளர்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அதற்குப் பூசை. தட்டை எல்லாரும் பார்க்க வேண்டுமே என்று மாமா ஜாக்கி வைத்து முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிவிட்டார். ஊரே சுற்றி நின்றது. கண்ணாடிபோல இருக்கிறது என்றார்கள். முகம் பார்த்துத் தலை சீவலாம் என்றார் ஒருவர். இரும்பைப் பார்த்தே இல்லாதவர்கள் மாதிரி.

தூறல் விழுந்தது. மாமா பூசைத் தட்டிலிருந்த நல்லெண்ணெயை எடுத்தார். துணியில் ஊற்றி, இரண்டு பிரேக் தட்டுகளையும் இருபுறமும் அழுத்தித் தேய்த்தார். பிறகு சந்தனம், குங்குமம்.

வருடா வருடம் செய்வதுதான். டிரம்முக்கு வெளியே எண்ணெய் பூசினால் ஒன்றும் ஆகாது. பிரேக் பிடிக்கும் இடம் உள்ளே இருக்கிறது. டிஸ்க் தட்டுக்கோ பிடிக்கும் இடமே வெளியேதான்.

"மாமா, எண்ணெய் பட்டா வழுக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது தலை எண்ண. இது சாமி எண்ண."

கூட்டம் சிரித்தது. "படிச்ச புள்ளைங்கள சாமி காரியத்துல பக்கத்துல விடக் கூடாதுங்க" என்றார் ஒரு கங்காணி. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்.

அப்பா என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். மைத்துனனைச் சபையில் குறை சொல்ல அவருக்கு வாய் வராது. சக்கரங்கள் மாட்டப்பட்டன. எலுமிச்சம்பழங்கள் வைக்கப்பட்டன. முதல் ஓட்டம் பெரகல இறக்கத்தில் என்று முடிவாகியிருந்தது. பிரேக்கைக் கண்ணால் பார்ப்பதற்காக அம்மா புதுச்சேலையில் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நான் கதவைத் திறந்து அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினேன். "மொதல்ல மாமா தனியா ஓட்டிக் காட்டட்டும். கொழுந்து மடுவம் வரைக்கும் போய் நிப்பாட்டட்டும். அப்பறம் நாங்க ஏறுறோம்."

"இதுக்கு நான் பயப்படுவேனா மருமகளே?" மாமா அப்பாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

பழங்கள் நசுங்கின. வண்டி களத்திலிருந்து சரிவில் இறங்கியது. தேயிலை நிறுக்கும் கொழுந்து மடுவம் வந்தது. வண்டி அதைத் தாண்டியது. மாமாவின் முதுகு இருக்கையிலிருந்து எழும்புவது பின்கண்ணாடியில் தெரிந்தது. முழு உடம்பையும் பெடலில் நிறுத்தியிருந்தார். பின்சக்கரங்கள் மட்டும் பிடித்து, ஈரமண்ணில் வால் ஒரு பக்கம் சறுக்கியது. கடைசியில் மாட்டுப்பட்டிக்குப் பின்னாலிருந்த எருக்குவியலில், துரை ஆசையாய் வைத்திருந்த அந்த நீண்ட மூக்கு கண்ணாடி வரைக்கும் புதைந்து நின்றது.

மாமாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இறங்கி, முழங்கால்வரை எருவோடு மேலே வந்து, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துச் சொன்னார்: "கண்ணு பட்டுருச்சு."

ஆமாங்க, ஆமாங்க என்றது கூட்டம். கங்காணி ஒரு படி மேலே போனார். "கண்ணு இல்லீங்க, நாக்கு." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வயதுக்கு மேல் அவர்களுக்குப் பாடம் நடத்த எனக்கு விருப்பமில்லை. நானும் அவர்களைப் பார்த்தேன்.

வண்டியை வெளியே இழுத்ததும் அப்பா தானே சக்கரங்களைக் கழற்றினார். பெட்ரோல் ஊற்றித் தட்டுகளைக் கழுவினார். எண்ணெய் ஊறிய பேடுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, பண்டாரவளைக்குப் போய் நானாவிடம் வேறு வாங்கி வந்து மாட்டினார். பக்கத்தில் நின்று தட்டில் சந்தனம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது என்னைத்தான்.

பிறகுதான் பெரகல இறக்கம். அம்மா முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில். நானும் மாமாவும் பின்னால். லீக்ஸ் சிதறிய வளைவு வந்ததும் அம்மாவின் குரல் கேட்டது.

"இங்க நிப்பாட்டுங்க."

நின்றது. மாமா நிலைகுலைந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொருக்கா."

கொஞ்சம் இறங்கி மறுபடி நின்றது. கோயிலடி வரைக்கும் அம்மா விடவில்லை. கோயிலில் அப்பா நிறுத்தப் போனபோது, "எதுக்கு, அதான் நிக்கிதே. போங்க" என்றார்.

மாமா இப்போதும் கராஜுக்கு வரும் டிரைவர்களுக்குப் புத்தி சொல்லுகிறார். பூசை நாளில் டிஸ்க் தட்டில் எண்ணெய் படக் கூடாதாம். அனுபவத்தில் கண்டதாம். யாருடைய அனுபவம் என்று அவர்கள் கேட்பதில்லை.