ஒரே வீடு, இரண்டு அடுப்பு

எண்பதுகளின் கடைசியில், வில்லியனூரில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொட உரிமை உள்ள ஒரே ஆள் நான்தான். ஆறு மாத கோர்ஸ் முடித்த தலைக்கனம் வேறு. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்தால் நான் வைத்ததுதான் சட்டம். அந்தத் திமிர் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ரேஷன் கார்டுக் குடும்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. நான் போட்டுவைத்த அமைப்பு சுலபமானது: ஒரு வீட்டு எண்ணுக்கு ஒரு குடும்பம், ஒரு கார்டு. பாகூர் பக்கத்து ஜனங்களிடம் அது எடுபடவில்லை. அங்கே அண்ணன் தம்பி தனி அடுப்பு வைத்துவிட்டால், கூரை ஒன்றானாலும் குடும்பம் இரண்டு. "வூடு ஒண்ணுதான் சார், அடுப்பு ரெண்டு" என்று கவுண்டரில் நின்று சண்டை பிடித்தார்கள். எங்கள் சீனியர் கிளார்க்கும் கிராமத்துக்காரர். "இன்னாம்மா பாக்கற? அடுப்புக்குன்னு ஒரு கட்டம் போடு" என்றார். போட்டேன். இரண்டு பேரும் மூன்று நாள் உட்கார்ந்து வீடுகளை அடுப்பு அடுப்பாகப் பிரித்துத் தள்ளினோம். புதுக் கார்டும் கொடுத்தோம்.

நான்காம் நாள் டவுனிலிருந்து மேலதிகாரி வந்தார். "வீட்டைவிடக் கார்டு எப்படிம்மா ஜாஸ்தியாகும்? பிரிச்சதையெல்லாம் பழையபடி ஆக்கு" என்று குதித்தார்.

சொல்ல அவருக்கென்ன! அதே மூன்று நாளில் பிறப்பு, இறப்பு, விலாச மாற்றம் என்று வேறு திருத்தங்களும் ஏறியிருந்தன. பிரிப்பதற்கு முன் நகலெடுத்து வைத்த பழைய ஃபிளாப்பியைப் போட்டால் அவையும் சேர்ந்து போய்விடும். அடுப்புத் திருத்தங்களை மட்டும் தேடித் தேடி எடுக்க வேண்டும். படிவங்களைத் தரையில் பரப்பினேன். எதைப் பிரித்தோம், எது முன்பே அப்படி இருந்தது? ஒரு எழவும் புரியவில்லை. கிளார்க்கைக் கேட்டால் அவர் என்னைவிடக் குழம்பிப்போய் நின்றார். அவசரக் குடுக்கை நான், அடுப்புக் கட்டத்தையே முதலில் அழித்துவிட்டேன். அது கடைசியில் செய்ய வேண்டியது! பிரிந்தவர்களைப் பழைய குடும்பத்தில் சேர்த்துவிட்டு அல்லவா கட்டத்தை எடுத்திருக்க வேண்டும்? கட்டத்தோடு அதில் இருந்த பேர்களும் போய், லிஸ்ட் வீட்டுக்கு ஒரு குடும்பத்தோடு நின்றுவிட்டது. இரண்டாம் அடுப்புக்காரர்கள் பேரே இல்லாத அந்த லிஸ்ட்தான் ரேஷன் கடைகளுக்குப் போனது.

அதற்கடுத்த நாள் செலியமேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவரை இழந்தவர்; கணவருடைய அண்ணன் வீட்டின் பின்பக்கத்தில் தனி அடுப்பு வைத்து, தன் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார்.

"கார்டு கையில கீதும்மா. கடைக்காரரு பேரு இல்லன்றாரு. புள்ளைங்களுக்கு நேத்துலேர்ந்து வெறுங் கஞ்சித்தண்ணி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உக்காருங்கக்கா, இப்பவே சரி பண்றேன்" என்று அவர் படிவத்தைத் தேடி எடுத்தேன். உத்தரவுப்படி அவரைச் சேர்க்க ஒரே இடம்தான் இருந்தது. சேர்த்தேன். திரையில் பேர் வந்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"வந்துட்டுதுக்கா! உங்க வூட்டுக்காரரோட அண்ணன் கார்டுல இருக்கீங்க."



"அவரு கார்டுலயா? அரிசி அவரு கைக்குத்தானம்மா போவும்? அவுங்க எங்கிட்ட பேசியே ஒரு வருஷம் ஆவுது."

"மேலிடத்து உத்தரவுக்கா. உங்க பேர நான் அழிக்கல. சேர்த்துதான் விட்டிருக்கேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

எது சரி, எது தப்பு என்று எனக்கு அப்போது ஒன்றுமே விளங்கவில்லை. அழுகையாக வந்தது. புதுக் கார்டுகளைத் திருப்பி வாங்க வேண்டும் என்றும் உத்தரவு. எப்படிக் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவரே கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நீதான குடுத்த. நீயே வச்சிக்கோ."

நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.